பத்துக்கு எத்தினை?

2009 மே மாதம். வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போன தத்துவப் பேராசிரியர் இக்காஸ்ட் நகர ரயில் ஸ்டேசன் போய்ச் சேரமுதலே தவமலர் புருசன்மேல் பாய்ந்தாள்.

"அகதியாய் வந்த சனம் டென்மார்க்கிலை எவ்வளவு சந்தோசமாய் இருக்குதெண்டு ஆராய்ச்சி செய்யிற மனுசன். உங்கடை சந்தோசம் பத்துக்கு எத்தினை எண்டு கேட்டால், பத்து எண்டோ சொல்லுறது? வன்னியிலை சனம் கொத்துக்கொத்தாய்ச் சாகுது. உங்களுக்கு வெக்கமில்லையே?"

பரமலிங்கம் கோப்பி குடித்த கோப்பைகளை எடுத்தார்.

"தமிழருக்கு ஒரு குறையுமில்லை எண்டு நாளைக்குப் புத்தகத்திலை எழுதப்போறான்! என்ரை தம்பி அங்கை பங்கருக்குள்ளை கிடக்கிறான். ஒரு அஞ்சு எண்டாவது சொல்லியிருக்கலாமே?"

"காலமை உன்ரை தம்பி போன் எடுத்தவன் எண்டு சொன்னனான்தானே?"

"ஓம். சுகமாய் இருக்கிறான் எண்டியள்."

"'நல்ல சுகம் அத்தான், நீங்கள் எப்பிடி?' எண்டு சிரிச்சுச் சிரிச்சுத்தான் கதைச்சவன். பிறகு பக்கத்திலை இருந்த ஆள் போனை வாங்கிச் சொன்னது, செல் குண்டு விழுந்து அவனுக்கு ரண்டு காலும் இல்லையாம்."

தவமலர் போனை எடுக்க ஓடினாள்.

"அவனே நல்ல சுகம் எண்டு சொல்லேக்கை, சோபாவிலை காலை நீட்டிக்கொண்டிருக்கிற நான் எந்த வாயாலை ஒண்டு குறைச்சு ஒன்பது எண்டு சொல்லுறது?"