தலைமாட்டுப் பலகை

மனைவி இறந்த இரண்டு மாதமாக, யார் எதைக் கேட்டாலும் ஞானதிரவியம் சரி என்றே சொல்லிவந்தார். பழைய தேக்குக் கட்டிலுக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கலாம் என்று மகள் போனில் சொன்னபோதும் அதையே சொன்னார்.

வேலைக்கு வந்த மிக்கேல், தலைமாட்டுப் பலகையில் கறுத்துப் பளபளத்த வட்டத்தைத் தடவி, விரலை முகர்ந்தான்.

"தேங்காயெண்ணெ. இதுமேல பெயின்ட் நிக்காது சார். உப்புத்தாள் போட்டுத் தேச்சிரவா?"

ஞானதிரவியம் வாயைத் திறந்தார். வழக்கமான அந்தச் சொல் வரவில்லை.

"வெறும் பாலிஷ் போட்டா?"

"அதுக்கும் தேய்க்கணுமே."

"அவ சாஞ்சிருந்து ஜெபமாலை சொல்லுத இடம்," என்றார். யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது குரல்.

மிக்கேல் உப்புத்தாளைக் கீழே வைத்தான். "மக ஏசுமே?"

"ஏசும்."

"எம் பேரச் சொல்லிருங்க. வேல தெரியாதவன்னு நாலு வீட்டுல சொல்லுதாவ, இதோட அஞ்சு."

செய்தித்தாளைக் கிழித்து வட்டத்தை மூடி, சுற்றிலும் டேப் ஒட்டினான். சற்று யோசித்துவிட்டுக் கேட்டான்:

"அம்மா கொண்டை போடுவாவளா?"

"ம்."

ஒட்டியதைப் பிரித்து, கொண்டை படும் இடமும் சேர நாலு விரல் கீழேவரை தாளை இறக்கி ஒட்டினான். அவன் பெயின்ட் டப்பாவை நெம்பித் திறக்கையில், ஞானதிரவியம் எழுந்து வந்து தாளின் ஓரத்தைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே போனார்.