எந்த நாடு மலிவு?

"வியட்நாமில ஒரு நேரச் சாப்பாடு என்ன விலை வரும், பிள்ளை?"

மதுஷிகா பேனையை மேசையில் எறியாத குறையாக வைத்தாள். நேற்றுத் தாய்லாந்தில் சாப்பாட்டு விலை. முந்தநாள் மலேசியாவில் பஸ் காசு. அதற்கு முதல்நாள் நேபாளத்தில் அறை வாடகை. பேசாலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் அந்தச் சின்னப் பயண முகவர் கந்தோரின் வாசலில் யாகப்பரும் மனைவி றஞ்சிதமும் நிற்பது இது நாலாவது நாள்.

"ஐயா, உல்லாசமா ஊர் பாக்கப் போறவை சோத்து விலையைக் கேட்டுக்கொண்டோ போறவை?"

"நாங்கள் கேட்டுத்தான் போகவேணும், பிள்ளை. வள்ளம் வித்த காசு. ஒருக்காத்தான் போகலாம்."

வள்ளத்தை விற்று உல்லாசப் பயணம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த வள்ளம் இல்லாமல் இருபது வருடமாக அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குப் போய்வருகிறார் அவளுடைய அப்பா. நாலு நாளும் நாடு நாடாக விலை பார்த்துச் சொன்ன அவளோ கொழும்புக்கு அப்பால் போனதில்லை.

உள்ளறையிலிருந்து முதலாளி வஸீர் தலையை நீட்டினார்.

"மதுஷிகா, நாலு நாளா ஒரு டிக்கெட்டும் போகேல்ல. இண்டைக்கு அவங்கள அனுப்பு. இல்லாட்டி நீ போ."

கேட்டும் கேளாதவர் போல யாகப்பர் தன் கொப்பியைப் பிரித்து வியட்நாமுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"ஐயா, மலிவுதான் வேணுமெண்டா இந்தியாதான்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "பலாலியில பிளேன் ஏறினா சென்னை. அங்கயிருந்து ரெயினில வேளாங்கண்ணி. மாதாவையும் கும்பிடலாம். உங்கட பேசாலை ஆக்கள் எல்லாரும் அங்கதானே போகினம்?"

"அதாலதான் வேண்டாமெண்டுறன். எந்த நேரமும் ஊர்ச்சனம் அங்க நிக்கும்."

கிழவருக்கு ஊர்ச்சனத்தோடு ஒன்றாக நிற்கவும் வெட்கமாக்கும் என்று அவள் நினைத்தாள்.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த றஞ்சிதம் கதிரையை முன்னே இழுத்தாள். "அடுப்பு உள்ள அறை கிடைக்குமோ, பிள்ளை? சமைக்கேலுமோ? கட்டாக் கருவாடு கொண்டுபோக விடுவாங்களோ?"

"அம்மா, அங்க கடையளில சோறு விப்பாங்கள்!"

"கடைச் சோறு வேண்டாம்."

விமானம் ஏறிப் போயும் ஒரு நேரச் சோற்றுக்குக் காசு கொடுக்க மனமில்லாத சனம். மதுஷிகா விசைப்பலகையில் குத்திய குத்தில் பக்கத்து மேசையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த றிம்ஷா திரும்பிப் பார்த்தாள்.

ஒருவழியாக யாகப்பர் கொப்பியை மூடினார். "மலேசியாதான் கட்டும். ஆறு நாள். போடு, பிள்ளை."

அவளுக்கு மூச்சு வந்தது. "ரெண்டு டிக்கெட். ரெண்டு பேருக்கு ஒரு அறை."

"டிக்கெட் ரெண்டுதான். அறை மட்டும் மூண்டு கட்டில் உள்ளதாப் பார்."

"ரெண்டு பேருக்கு மூண்டு கட்டில் என்னத்துக்கு?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு றஞ்சிதம்தான் சொன்னாள்.

"மகன் வருவான். பிரான்சில இருக்கிறான். தன்ர டிக்கெட்டைத் தான் எடுப்பான்."

"பிரான்சிலயோ?" மதுஷிகா எழும்பியே விட்டாள். "அவர் கடைசியா எப்ப ஊருக்கு வந்தவர்?"

"வரேல்ல. நாங்கள் அவனைக் கண்டு பதினாறு வருசம்."

நாலு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அத்தோடு உடைத்துக்கொண்டு வந்தது.

"பதினாறு வருசமோ! தாய் தகப்பனை வந்து பாக்க ஏலாது, மலேசியாவில கடற்கரை பாக்க மட்டும் ஏலுமோ? அவர் சொகுசா வந்து நிக்க, நீங்கள் வள்ளத்தை வித்து, கருவாட்டைக் கட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால ஓடவேணுமோ? இந்தக் கொப்பியை அவருக்கு அனுப்புங்கோ ஐயா. பிரான்சில இருந்து பேசாலைக்கு வர என்ன செலவெண்டு அதில எழுதி அனுப்புங்கோ. வெக்கமில்லாத பிள்ளை!"

"வாயை மூடு!"

கத்தியது றஞ்சிதம். மேசையில் அவள் அறைந்த அறையில் தேநீர்க் கோப்பை குலுங்கிச் சிந்தியது.

"ஆரை வெக்கமில்லாதவன் எண்டுறாய்? விட்டா அவன் நீந்தியெண்டாலும் வருவான். தன்ர வீட்டு முத்தத்தில ஒரு வாய் சோறு தின்ன வேணுமெண்டு போனில ஒவ்வொரு நாளும் அழுகிறவனைப் பாத்து..."

"றஞ்சிதம், மெல்ல." யாகப்பர் அவள் கையைப் பிடித்து இருத்தினார். எழுந்து போய்த் தெருப் பக்கக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது அவர் முகத்திலும் கோபம்தான் இருந்தது. ஆனால் அது மதுஷிகா மீதான கோபமாகத் தெரியவில்லை.

"அவர் ஏன் ஐயா இஞ்ச வரேலாது?" என்று கேட்டாள் அவள். அவளுடைய குரல் இறங்கிவிட்டிருந்தது.

யாகப்பர் மேசைமேல் குனிந்தார்.

"அவனைத் தேடி வந்தவங்களிட்ட செத்துப்போனான் எண்டு சொல்லி, அவன்ர மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்து வச்சது நாங்கள்தான், பிள்ளை."