இரண்டு மணித் தண்ணீர்

"மேடம், கருவி பொய் சொல்லாது. ஊர்லயே அதிகமா கொதிக்கிறது இந்தத் தெருதான். குளிர்கூடம் இங்கதான் இருக்கணும்."

வெப்ப விஞ்ஞானியின் குரலில் சந்தேகத்தின் சாயலே இல்லை. நகராட்சி அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'தெர்மாமீட்டர்'தான்.

"கூடம் இருக்கு சார். ஆளுங்களைத்தான் காணோம்" என்றாள் அவருடன் வந்திருந்த சமூகவியல் ஆய்வாளர்.

வெயிலுக்கு ஒதுங்க வருபவர்களுக்காக ஐம்பது நாற்காலிகள், நான்கு ஏசி. மதியம் இரண்டரை மணிக்கு உள்ளே காவலாளி மட்டும் சுகமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். போன கோடையில் இதே தெருவில் மூன்று பேர் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்திருந்தார்கள். ஆட்கள் வராததற்கு நாளைக்குள் காரணம் சொல்லாவிட்டால், கூடத்தை இழுத்து மூடிவிடுவதாக ஆணையர் சொல்லிவிட்டார்.

"இன்னும் ரெண்டு ஏசி போட்டா தானா வருவாங்க."

"எதுக்கு ஊகம்? கேட்டே பாத்துடலாம், வாங்க சார்."

அரை மனதோடு கிளம்பினார். முதல் வீட்டின் வாசலில் ஒரு தையல்காரி, வியர்வை சொட்டச் சொட்ட வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏசி யாருக்குங்க கசக்கும்? ரெண்டுலேருந்து நாலு வரைக்கும்தான் குழாய்ல தண்ணி. நான் அங்க போய் உக்காந்துட்டா இதை யாரு பிடிப்பா? போன வருஷம் என் மாமியார் விழுந்ததே வாளியும் கையுமாத்தான்."

முப்பது வீடுகளில் கேட்டார்கள். எல்லா வீட்டிலும் அதே பதில். திரும்பும் வழியில் விஞ்ஞானி கருவியைப் பைக்குள் போட்டு மூடினார்.

"மனசைத் தளரவிடாதீங்க சார். எந்தத் தெரு அதிகமா கொதிக்குதுன்னு நீங்க போட்ட வரைபடம் இல்லேன்னா, நான் இந்தத் தெருவுக்கே வந்திருக்க மாட்டேன்" என்றாள் அவள்.

மறுநாள் கூட்டத்தில் அவள் காரணத்தைச் சொல்லி முடித்ததும் அவர் எழுந்தார்.

"மோட்டார் மதியமே ஓடட்டும். தண்ணியை மேல்நிலைத் தொட்டியில ஏத்தி வெச்சு, காலையில ஆறு மணிக்குத் தெருவுக்குத் திறந்து விடலாம். அழுத்தம் போதும், பாத்துட்டேன்."

ஆணையர் முகம் மலர்ந்தது. அங்கேயே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"அது சரி, உச்சி வெயில்ல தண்ணி விடச் சொன்ன அந்த மகா புத்திசாலி யாரு?"

"நான்தாங்க" என்றார் விஞ்ஞானி. "டீசலுக்குப் பதிலா சூரிய மின்சாரத்துல மோட்டார் ஓடினா புகை குறையும்னு ஆறு வருஷத்துக்கு முன்னாடி எழுதிக் குடுத்தேன். புகையும் குறைஞ்சுது. தண்ணி பிடிக்கிறவங்களைத்தான் ஒரு வார்த்தை கேக்கல."