தலைவிக்குத் தொண்டை கட்டிய நாள்

தலைவிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதுவும் இன்றைக்குப் பார்த்து!

பொதுச் சமையல் கொட்டகையின் மூலையில், கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஹெர்மெலிந்தா. வாயைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள்.

சமூகப் பணியாளர் ரொக்சானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னக்கா இது? பத்து மணிக்கு நகராட்சி ஆள் வர்றார். நீங்க பேசலைன்னா வேற யாரு பேசுவாங்க?"

ஹெர்மெலிந்தா, அடுப்படியில் நின்ற மூன்று பெண்களைக் கைகாட்டினாள்.

நல்ல ஆட்கள்தான்! சபீனா, பெயரைக் கேட்டாலே தரையைப் பார்ப்பாள். நியேவெஸ் வாயைத் திறந்தால் சண்டை. டோமித்திலாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

லீமா நகரத்துத் தண்ணீர் லாரியே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற மேடு அது. தினமும் நூற்று முப்பது பேருக்கு அங்கே ஒரே அண்டாவில் மதியச் சாப்பாடு. அரிசியும் பருப்பும் நகராட்சி கொடுப்பது. இந்த அண்டாவை நிறுத்திவிட்டு அடிவாரத்துச் சமையலோடு சேர்த்துவிடலாமா என்று பார்க்கத்தான் ஆள் வருகிறார். சேர்த்துவிட்டால், இருநூறு படி இறங்கி ஏற முடியாதவர்கள் பட்டினி.

'தலைமை என்பது எல்லோருக்கும் பொது' என்று எட்டு மாதமாகப் படம் போட்டுப் பாடம் நடத்தியவள் ரொக்சானா. ஆனால் ஒரு சிக்கல் என்றால், "ஹெர்மெலிந்தா அக்கா பாத்துப்பாங்க" என்று கிளம்பிவிடுகிறவளும் அவள்தான்.

அதிகாரி பலோமினோ சரியாகப் பத்து மணிக்கு வந்தார்.

"தலைவி யாரு?"

எல்லோரும் மூலையைக் காட்டினார்கள். மூலை தொண்டையைக் காட்டியது.

"அப்ப யாரு பேசப் போறீங்க? எனக்கு இன்னும் நாலு இடம் போகணும்."

மூன்று பேரும் அடுப்பைக் கிளறத் திரும்பினார்கள். இனி தாங்காது என்று ரொக்சானா முன்னால் போய், "சார், நான் வந்து..." என்று ஆரம்பித்தாள்.

மூலையிலிருந்து எழுந்து வந்து அவள் காலை நச்சென்று மிதித்தாள் ஹெர்மெலிந்தா. ரொக்சானாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. 'தானும் பேசமாட்டாள், பேச வந்தவளையும் விடமாட்டாள். இவளெல்லாம் ஒரு தலைவி!'

பலோமினோ பேனாவைத் திறந்தார். "கீழேயே சேர்த்துடலாம். ஒரே அடுப்பு, செலவு மிச்சம்."

"யாருக்கு சார் மிச்சம்?" நியேவெஸ் கரண்டியோடு வந்துவிட்டாள். "விறகு நாங்க சுமக்குறோம், காய் மார்க்கெட்ல நாங்க கெஞ்சி வாங்குறோம். அரிசி பருப்பு தவிர, இதுல உங்களுக்கு என்ன செலவு?"

"சண்டை வேண்டாம்மா. படி ஏற முடியாதவங்கன்னு எத்தனை பேரு? பட்டியல் இருக்கா?"

"இருக்கு, எழுதுங்க," என்றாள் டோமித்திலா. அவள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. "மேல் வரிசை, மொத வீடு, எலிசியோ அண்ணன். ரெண்டு காலும் கெடையாது. அடுத்தது, இரட்டைப் புள்ள பெத்தவ, பன்னெண்டு நாள்தான் ஆகுது. அதுக்கடுத்து..."

இருபத்தாறு வீடு சொன்னாள். எங்கும் திக்கவில்லை. பலோமினோவின் கைதான் வலித்தது.

"சரி, திடீர்னு ஒருத்தர் படுத்துட்டா?"

சபீனா தரையைப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு நடந்தாள். அவரும் பின்னாலேயே போனார். மேட்டில் ஏழு வீட்டுக் கதவுகளில் சிவப்புத் துணி தொங்கியது.

"முடியலைன்னா துணியைத் தொங்க விடுவாங்க சார். வாய்விட்டுக் கேக்க வேண்டாம், எங்களுக்குத் தெரிஞ்சிடும். தட்டு வீட்டுக்கே போயிடும்." சபீனா முதன்முறையாக நிமிர்ந்தாள். "கீழ நின்னு பாத்தா, இதுல ஒரு துணிகூடக் கண்ணுக்குத் தெரியாது."

"யாரோட யோசனைம்மா இது?"

"என்னோடதுதான்."

ரொக்சானாவுக்குச் சுருக்கென்றது. தன் அறிக்கையில் அதை ஹெர்மெலிந்தாவின் யோசனை என்று எழுதியிருந்தாள்.

பலோமினோ எழுதியதை அடித்தார். "அண்டா இங்கேயே இருக்கட்டும்." பிறகு அடுப்பைப் பார்த்து, "வாசனை நல்லா இருக்கே. ஒரு தட்டு கெடைக்குமா?" என்றார்.

"வரிசையில நில்லுங்க," என்றாள் நியேவெஸ்.

சாயங்காலம் ரொக்சானா படி இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல் மேட்டையே அதிரவைத்தது.

"ஏய், லாரிக்காரா! என் தொட்டிய விட்டுட்டு எங்கடா ஓட்டுற?"

ஹெர்மெலிந்தா!

ரொக்சானா விடுவிடுவென்று திரும்பி ஏறினாள். "எல்லாம் நடிப்பாக்கா? அண்டா போயிருந்தா?"

"போயிருக்கும்," என்றாள் ஹெர்மெலிந்தா அமைதியாக. "போன வருஷம் காய்ச்சல்ல ஒம்பது நாள் படுத்தேன். ஒம்பது நாளும் அடுப்பு எரியல. நீயும் நான் எப்ப எந்திரிப்பேன்னுதானே காத்துக்கிட்டு இருந்த?"

ரொக்சானா விடவில்லை.

"அதுக்காக இன்னிக்கா வெளையாடுறது? அடுத்த மாசம் நிதானமாச் சொல்லிக் கொடுக்கலாமே!"

ஹெர்மெலிந்தா பாவாடைப் பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"தொண்டையில கட்டி. வர்ற பன்னெண்டாம் தேதி குரல்வளைய எடுக்குறாங்க. அதுக்கப்புறம் நான் நடிக்கவே வேண்டாம், பொண்ணே."