ஒயின் போகும் பக்கம்

குடையை இடது தோளில் சாய்த்தால் படை இடப்பக்கம் திரும்ப வேண்டும். வலது தோளில் சாய்த்தால் வலப்பக்கம். தலைக்கு மேலே தூக்கினால் அப்படியே நிற்க வேண்டும்.

இது எனக்கும் என் கணவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

என் கணவர் சர் எவரார்ட் டன்ஸ்பி. அப்பா வழியில் வந்த பாரனெட் பட்டம், தாத்தா வழியில் வந்த நிலம். அவராகத் தேடிக்கொண்டது என்றால் அந்தச் சிவப்புக் கோட்டு ஒன்றுதான். எங்கள் கவுண்டியின் குடிப்படைக்கு அவர் கர்னல்.

குடிப்படை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கொல்லன், தச்சன், எங்கள் குத்தகைக்காரர்கள் எல்லாரும் வருஷத்தில் சில வாரம் துப்பாக்கி பிடிப்பார்கள். அந்தச் சில வாரத்துக்காகத்தான் என் மனுஷர் மீதி வருஷத்தையே தள்ளிக்கொண்டிருந்தார்.

குறை ஒன்றே ஒன்று. பிறந்ததிலிருந்தே அவருக்கு இடது எது, வலது எது என்று தெரியாது.

தினமும் சாப்பாட்டு மேஜையில் வால்நட் கொட்டைகளை அணிவகுத்து வைத்துப் பாடம் நடத்தினேன். "என்னங்க, இடது எது?" என்று கேட்டால் திருதிருவென விழிப்பார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். சாப்பாடு முடிந்ததும் போர்ட் ஒயின் புட்டி மேஜையைச் சுற்றி இடப்பக்கமாகத்தான் போகும். எங்கள் ஊரில் அதை எதிர்ப்பக்கம் தள்ளுகிறவனை அடுத்த விருந்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். அதை மட்டும் இவர் தூக்கத்தில்கூடத் தப்பாகச் செய்ய மாட்டார்.

"ஒயின் போற பக்கம் இடது. சொல்லுங்க."

"ஒயின் போற பக்கம் இடது. நீ கெட்டிக்காரி, அகஸ்டா."

இருந்தாலும் நம்ப முடியுமா? அதனால்தான் குடை. அது சாயும் பக்கம் இவர் வாளை நீட்டினால் போதும், உத்தரவைக் கேப்டன்கள் கத்திவிடுவார்கள்.

அன்றைக்கு ஜெனரல் பார்வையிட வந்திருந்தார். போன வாரம்தான் பக்கத்துக் கவுண்டி கர்னலை, "வீட்டுக்குப் போய் ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்துங்க" என்று எல்லார் முன்னிலையிலும் அனுப்பிவைத்த மனிதர். இவரையும் அப்படி அனுப்பிவிட்டால்? அந்தக் கோட்டைக் கழற்றி வைத்த பிறகு இவர் உயிரோடு இருப்பார், ஆனால் சிரிக்க மாட்டார்.

மற்றவர்களின் வண்டிகளெல்லாம் மரநிழலில் நின்றன. எங்கள் வண்டி மட்டும் படைக்குப் பின்னால், வெட்டவெளியில், படையைப் பார்த்து நிற்கும் இவர் கண்ணுக்குச் சரியாக நேரே. ஜெனரலின் மனைவியும் ஏனோ நிழலை விட்டுவிட்டு எங்கள் பக்கத்திலேயே வந்து வண்டியை நிறுத்தினார். தொப்பியைப் பறிக்கிற காற்று அடித்தது. அந்தக் காற்றிலும் அந்த அம்மாள் விசிறியைக் கீழே வைக்கவில்லை. பெரிய இடத்துப் பழக்கம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. குடை சாய்ந்தது, படை திரும்பியது. குடை உயர்ந்தது, படை நின்றது.

கடைசியாக, மொத்தப் படையும் ஜெனரலை நோக்கி நேராக நடந்து போய், அவருக்கு முன்னால் அழகாக இடப்பக்கம் திரும்ப வேண்டும். குடையை இடது தோளுக்குக் கொண்டுபோனேன்.

"அம்மா, குளவி!" என்று கத்தினான் வண்டிக்காரன் ஜெஸப்.

என் மூக்குக்கு நேரே வந்துவிட்டது. நான் வீசிய வீச்சில் குளவி போகவில்லை. குடைதான் போனது, குதிரைக் காலடிக்கு.

படை நடந்துகொண்டே இருந்தது. ஜெனரலின் குதிரை பின்வாங்கத் தொடங்கியது. என் கணவர் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தார். நான் வெறும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். போச்சு, எல்லாம் போச்சு.

அப்போது மைதானமே அதிர இவர் குரல்.

"ஒயினைத் தள்ளி விடுங்கப்பா!"



கேப்டன்கள் எல்லாரும் வருஷக்கணக்கில் எங்கள் மேஜையில் சாப்பிட்டவர்கள். "இடப்பக்கம் திரும்பு!" என்று ஆளுக்கொரு முறை கத்தினார்கள். ஒரு பெரிய கதவு திறப்பது போல மொத்தப் படையும் இடப்பக்கம் திரும்பியது. இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒரே நேரத்தில் திரும்பி நான் பார்த்ததே இல்லை.

ஜெனரல் குதிரையை அடக்கினார். "என்ன உத்தரவுய்யா இது?"

"எங்க ஊர் வழக்கம், சார்," என்றார் என் கணவர். முகம் கோட்டைவிடச் சிவந்திருந்தது.

ஜெனரல் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அவர் என் கணவரைப் பார்க்கவில்லை, படையையும் பார்க்கவில்லை. எல்லார் தலைக்கும் மேலாக எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

என் பக்கத்தில் படக்கென்று விசிறி மூடியது. பிறகு மெதுவாக, முழுசாக விரிந்தது.

"பிரமாதம்!" என்றார் ஜெனரல். "படை உங்க கையிலேயே இருக்கட்டும், கர்னல்."

தொப்பிகள் வானத்தில் பறந்தன. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. ஜெஸப் குடையை எடுத்து, மண்ணைத் தட்டி என்னிடம் நீட்டினான்.

ஜெனரலின் மனைவி என் காதோரம் சாய்ந்தார்.

"குடை வேண்டாம்மா, ஊருக்கே தெரியுது. விசிறிக்கு மாறிடு. குளவி வந்தா அடிக்கவும் ஆகும்."