தொடாத வண்டியின் சூடு

பழைய கார் விற்கும் அந்தக் கொட்டகையில் அநியாயம் நடந்தது வெள்ளைக் காருக்குத்தான். காலையில் கிளம்பும்போது இருமுகிறது என்று அதைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். இனி விலை போகாவிட்டால் காயலான் கடைதான். சிவப்புக் கார் அதைவிட மோசமாக இருமும். ஆனால் ஆள் வருவதற்கு முன்பே முதலாளி அதைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, இருமல் தெரியாதபடி வாசலில் நிறுத்திவிடுவார்.

"இது ஏமாத்து இல்லையாக்கா?" என்றது வெள்ளை.

"போடி இருமல்காரி! பொண்ணு பார்க்க வரும்போது பவுடர் பூசிக்கிறது ஏமாத்தா?" என்றது சிவப்பு.



அன்று கார் வாங்க வந்தவள் பூரணி. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவள். வண்டி நடுவழியில் நின்றால் அவள் பிழைப்பும் நின்றுவிடும். முதலாளி சிவப்பைக் காட்டி, "நேத்துலேர்ந்து யாரும் தொடலைம்மா. ஒரே செல்ஃப்ல கிளம்பும் பாருங்க" என்றார்.

பூரணி சாவியை வாங்கவில்லை. பானெட்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"தொடாத வண்டி ஏண்ணே இப்படிக் கொதிக்குது?"

முதலாளி வாயைத் திறப்பதற்குள் அவள் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். அதிலிருந்த சாவியைத் திருப்பியதும், ஜில்லென்று கிடந்த வெள்ளை இருமியது, திணறியது, பிறகு சீராக ஓடியது. "ப்ளக்தான். மாத்திக்கலாம்" என்றாள்.

பூரணி வெள்ளையை வாங்கி ஓட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது சிவப்பு பொருமியது: "போயும் போயும் இந்த இருமல்காரியையா எடுத்தா!"

"எனக்கு எங்க வலிக்குதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா," என்றது வெள்ளை. "உனக்கு எங்க வலிக்குதுன்னு யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"