மகிழ்ச்சியில் பெயில்

"அவ்வளவு வேண்டாம். பல்லு பாதி தெரிஞ்சாப் போதும். கண்ணும் சேர்ந்து சிரிக்கணும்டி."

கண்ணாடி முன்னால் மகளை நிறுத்தி, கன்னம் இரண்டையும் விரலால் தூக்கிப் பிடித்திருந்தாள் அம்மா. யாராவது பார்த்திருந்தால் போட்டோ எடுக்கக் கிளம்புகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். மறுநாள் மகளுக்கு மறுபரீட்சை. பாடத்தின் பெயர் மகிழ்ச்சி.

அந்தப் பள்ளிக்கூடம் படிப்போடு பிள்ளைகளின் மனநலத்தையும் வளர்ப்பதென்று பத்தாண்டுத் திட்டம் போட்டிருந்தது. பத்தாம் வருடம் முடியும்போது வாடிய முகம் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாதாம். அதற்காக விளையாட்டு வகுப்பை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் மகிழ்ச்சியைப் பாடமாக வைத்தார்கள். பாடம் என்று வந்த பிறகு பரீட்சை இல்லாமலா?

நாலாம் வகுப்பு மொத்தமும் வாலு என்று கூப்பிடும் இந்த மகள் முதல் பரீட்சையிலேயே கோட்டை விட்டாள். உனக்கு எப்போது மகிழ்ச்சி என்று மிஸ் கேட்டதற்கு, பெல் அடிக்கும்போது என்று சொல்லிவிட்டாள். கற்கும்போது என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

பெயிலான பிள்ளைகளுக்கு மாலையில் ஸ்பெஷல் கிளாஸ். மறுபரீட்சையிலும் தவறினால் வருடம் முழுக்க அதே கதிதான் என்று பிரின்சிபால் முகம் மலரச் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. மகள் தினமும் முட்டி சிவந்து, மண் ஒட்டி, தொண்டை கட்டிப்போய் வந்தாள். பையை மூலையில் வீசிவிட்டு, தட்டில் விழுந்ததை வழித்துத் தின்று, அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். முட்டி போட வைக்கிறார்கள், தொண்டை கட்டுகிற அளவுக்கு அழ விடுகிறார்கள் என்று அம்மா தானே கண்டுபிடித்துக்கொண்டாள்.

"அங்க என்னதான்டி சொல்லித் தர்றாங்க?"

"ஒண்ணும் சொல்லித் தர்றதில்லம்மா."

சொல்லிவிட்டு வாலு போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போய் நாலு கேள்வி கேட்டால் என்ன என்று அம்மாவுக்கு ஆத்திரம் வந்தது. கேட்டுவிட்டு அவள் வந்துவிடுவாள், பிள்ளை அங்கேதானே இருந்தாக வேண்டும்? ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த வித்தையைக் கையில் எடுத்தாள்.

அம்மா ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனிஸ்ட். கன்னம் வீங்கி வருகிறவரைப் பார்த்தும் சிரிக்க வேண்டும், டாக்டர் வர நேரமானால் திட்டுகிறவரைப் பார்த்தும் சிரிக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் செருப்போடு அந்தச் சிரிப்பையும் வாசலில் கழற்றிப் போடுவாள். சிரித்துப் பிழைக்கிறவள் பெற்ற பிள்ளை சிரிப்பில் பெயில் என்றால் ஊர்தான் சிரிக்கும்.

ஆனால் மகளுக்குச் சிரிப்பு வரவழைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலையாக இருந்தது. கன்னத்திலிருந்து விரலை எடுத்ததும் உதடு பழைய இடத்துக்கே போய்விட்டது. வேண்டுமென்றே செய்கிறாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கடைசியில் அம்மா சோர்ந்துபோய்த் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"உன்னை அங்க விட்டுட்டு என்னால வேலை பார்க்க முடியலடி. எனக்காக ஒரே ஒரு தடவை சிரிச்சுடு."

வாலு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு தன் கவுன் நுனியால் அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"சரிம்மா."

மறுநாள் பெற்றவர்களை ஜன்னலுக்கு வெளியே நிற்க விட்டார்கள். மிஸ் பழைய கேள்வியையே கேட்டார். கற்கும்போது என்று வாலு பிசகாமல் சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல் பாதி தெரிந்தது, கண்ணும் கூடவே சிரித்தது. அச்சு அசலாக அம்மாவின் ஆஸ்பத்திரிச் சிரிப்பு. அம்மாவுக்குப் பெருமையாகவும் இருந்தது, எங்கேயோ சுருக்கென்றும் இருந்தது.

முழு மார்க். திட்டம் எப்படி வேலை செய்கிறது பார்த்தீர்களா என்று பிரின்சிபால் அம்மாவிடமே வந்து மார்தட்டிக்கொண்டார். அம்மா அவருக்கும் அதே சிரிப்பை ஒன்று கொடுத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கேட்டை நெருங்கும்போது கட்டடத்துக்குப் பின்னாலிருந்து பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. ஸ்பெஷல் கிளாஸ் நேரம். பாவம், எப்படிக் கதறுகின்றன என்று அம்மா நின்றுவிட்டாள். குனிந்து மகளின் காதுகளைப் பொத்தி, பிறகு ஒரு காதை மட்டும் விட்டு அதில் சொன்னாள்.

"இனிமே உனக்கு அந்தக் கிளாஸ் கிடையாது கண்ணு. யாரும் உன்னை முட்டி போட வைக்க மாட்டாங்க."

அதுவரை முகத்தில் இருந்த சிரிப்பு உடைந்து வாலு தேம்பித் தேம்பி அழுதாள். தப்பித்து வந்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அம்மா அவளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். வாலு அம்மாவின் கைகளை விலக்கிவிட்டு, கூச்சல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"முட்டி போடலம்மா, ஓடுறப்ப விழுந்தது... பெயிலானவங்களை மட்டுந்தான் கிரவுண்டுல விளையாட விடுவாங்க."